லாசப்பலில் இருந்து முக்கால் மணி நேர நடை

வாசகர் கேள்விகள் – மங்குளம் அன்ரியின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று நாலு பக்கம். கொப்பி ஒற்றையில் நீல மையால் எழுதி, பல இடங்களில் வெட்டி, திரும்ப எழுதியது. அதற்கு முழுதாகப் பதில் சொல்ல வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டு இந்தப் பக்கங்களை வாங்கினேன். முழங்கால் நோவு பற்றியும் காணி உறுதி பற்றியும் எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அன்ரி, நான் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்கிறேன். வயது 29. எங்களில் இரண்டு பேரை ஜெனிவாவுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். பயிற்சி மே 13 புதன்கிழமை முடிகிறது. அடுத்த நாள் அங்கே விடுமுறையாம். திரும்பும் விமானம் 18 திங்கள் காலையில்தான். இடையில் கிடைக்கிற நாலு நாளில் பாரிஸ் போய்வர ஆசை. சித்தி பாரிஸுக்குப் பக்கத்து லாகூர்நெவ்வில் இருக்கிறா. அன்ரி, நான் ஆண்களை விரும்புகிறவன். இதை நான் சொல்லுகிற முதல் ஆள் நீங்கள்தான். பாரிஸில் எங்களைப் போன்றவர்கள் ஒளிக்காமல் இருக்கிற ஓர் இடம் இருக்கிறதாம். அங்கே போய் இருந்து ஒரு கோப்பி குடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பாரிஸ் முழுக்க எங்கட சனம். ஆரும் கண்டால் எனக்கு முதல் கதை கிளிநொச்சிக்கு வந்துவிடும். போகவா, விடவா?
— பெயர் வேண்டாம், கிளிநொச்சி

பதில்: போம் தம்பி. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். உம்மை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றித்தான் கடிதத்தை அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் பிரதியை நானே அடுப்பில் வைத்துவிட்டேன். அந்தப் பயம் வேண்டாம்.

நான் 1991 இல் பாரிஸுக்குப் போனவள், 2015 தை மாதம் ஊர் திரும்பினேன். அதில் பதினாறு வருசம், நீர் கேள்விப்பட்ட அந்த இடத்திலேயே, ஒரு சின்ன ஹொட்டேலில் மெனாஜ் வேலை செய்தேன். அறை கூட்டித் துடைக்கிறது, படுக்கை விரிப்பு மாற்றுகிறது. அந்த இடத்துக்குப் பெயர் மரே. பிரெஞ்சில் மரே என்றால் சதுப்பு நிலம். ஆற்றுக்குப் பக்கத்துச் சேற்று நிலமாக இருந்து, பிறகு பிரபுக்கள் மாளிகை கட்டிய இடமாகி, பிறகு அவர்கள் கைவிட்டுப்போக ஏழை யூதத் தொழிலாளர் குடியிருந்த இடம். 1980களில் வாடகை மலிவாக இருந்தபடியால் உம்மைப் போன்றவர்கள் வந்து கடை திறந்தார்கள். அதுவரை அவர்களுடைய இடங்களுக்குக் கதவு மூடித்தான் இருக்கும், மணி அடித்தால் உள்ளே இருந்து பார்த்துத் திறப்பார்கள். இங்கே வந்துதான் பகலில், கண்ணாடி யன்னலோடு, றோட்டில் மேசை போட்டு இருந்தார்கள்.

இனிப் பயண விபரம். சுவிஸ் தருகிற ஷெங்கன் விசாவோடு பிரான்ஸுக்கும் போகலாம். விசாவில் எழுதியிருக்கிற நாள் கணக்கு 18ஆம் திகதி வரை இருக்கிறதா என்று மட்டும் பாரும். விசாவுக்காக எடுக்கிற காப்புறுதி பிரான்ஸுக்கும் செல்லும். ஜெனிவாவில் இருந்து ரி.ஜி.வி. என்கிற கடுகதி ரயில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுக்கும், பாரிஸில் கார் து லியோன் நிலையத்தில் இறக்கும். எல்லையில் வரிசை கிடையாது, ஆனால் சில நேரம் ரயிலுக்குள்ளேயே வந்து பார்ப்பார்கள், பாஸ்போட் கையில் இருக்கட்டும். 14ஆம் திகதி வியாழன் விடுமுறை என்றது ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாளுக்கு. வெள்ளிக்கிழமையும் லீவு எடுத்துக் கிழமைக் கடைசியோடு சேர்த்துவிடுவார்கள், பிரெஞ்சுக்காரர் அதைப் பாலம் போடுகிறது என்பார்கள். அந்த நாலு நாளும் சனம் அள்ளுப்பட்டுத் திரியும், ரயில் ரிக்கெற் நாளுக்கு நாள் ஏறும். கடிதம் வாசித்த கையோடு ரிக்கெற் போடும்.

தங்குகிற விசயத்தில் என் சொல்லைக் கேளும். சித்தி வீட்டில் மூன்று இரவும் நிற்க வேண்டாம். லாகூர்நெவ்வில் இருந்து மெற்றோ ஏழாம் இலக்கத்தில் நகரத்துக்கு வரலாம், தூரமில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்குச் சித்தி போன் எடுப்பா, சாப்பாடு மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பா. அது அன்புதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீர் ஒவ்வொரு இரவும் ஒரு பொய் சொல்ல வேண்டி வரும். வியாழன், வெள்ளி, சனி மூன்று இரவும் ஒரு ஹொட்டேல் அறை எடும். மரேக்குள் விலை கூட. கார் து லெஸ்ற் பக்கம், ரெப்புப்ளிக் பக்கம் பார்த்தால் குறையும், அங்கிருந்து நடக்கலாம். ஞாயிறு மத்தியானம் சித்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டு அப்படியே ரயிலுக்குப் போம். “பயிற்சியில் கூட வந்த ஆக்களோடு நிற்கிறன்” என்று ஒருக்கால் சொன்னால் போதும். பிறகு ஏதும் சொல்லத் தேவையில்லை. சித்திக்கு நெய் கொண்டுபோக வேண்டாம், பால் சாமானும் இறைச்சியும் உள்ளே விடமாட்டார்கள். கருவாடு கொஞ்சம் கொண்டுபோகலாம், நல்லாகச் சுற்றிக் கட்டும்.

சனிக்கிழமை காலையில் ஒரு நடை நடவும். இதை நான் சும்மா சொல்லவில்லை, இந்தக் கடிதத்துக்கு என் பதிலே இந்த நடைதான்.

லாசப்பல் மெற்றோவில் இறங்கும். எங்கட கடைகள் எல்லாம் அதைச் சுற்றித்தான், ரூ கை, ரூ பெர்டோனே, ஃபோபூர் சன்தெனி. புடவைக் கடை, நகைக் கடை, கருவேப்பிலை, முருங்கைக்காய், இடியப்ப உரல் எல்லாம் இருக்கும். கொஞ்சம் தள்ளி ரூ பஜோலில் மாணிக்கப் பிள்ளையார் கோயில். கும்பிட்டுவிட்டு வாரும். இனி அந்த ஃபோபூர் சன்தெனி றோட்டிலேயே தெற்கே பார்த்து நேராக நடவும். கார் து நோர் நிலையம் தாண்டும், கார் து லெஸ்ற் தாண்டும். பிறகு வட இந்திய, பாகிஸ்தான் சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற ஒரு மூடு சந்து வரும், கறி வாசம் வேறாக இருக்கும். றோட்டு முடிகிற இடத்தில் ஒரு பெரிய கல் வளைவு, 1672 இல் கட்டியது. அதைத் தாண்டிக் கொஞ்சம் மேற்கே திரும்பினால் ரூ மோந்தோர்குய். மீன், பழம், பாண் விற்கிற நெருக்கமான சந்தை றோட்டு. அங்கே ரூ பஷோமோன் வந்து சேருகிற மூலையில் நின்று கீழே பாரும். நடைபாதையில் ஒரு கல் பதித்திருக்கும். சனம் அதன் மேலே மிதித்துக்கொண்டுதான் போகும்.

அந்தக் கல்லில் இரண்டு பேருடைய பெயர். புரூனோ லெனுவார், ஜோன் டியோ. ஒருவர் சப்பாத்துத் தைக்கிறவர், மற்றவர் கூலி வேலைக்காரர். 1750 தை மாதம் 4ஆம் திகதி இரவு அந்த றோட்டில் ஒன்றாக இருந்ததற்காகப் பிடித்தார்கள். ஆடி 6ஆம் திகதி எரித்தார்கள். ஆணும் ஆணும் கூடியதற்காக பிரான்சில் கொல்லப்பட்ட கடைசிப் பேர் அவர்கள். 1791 இல் அந்தக் குற்றமே சட்டப் புத்தகத்தில் இருந்து எடுபட்டது. கல்லைப் பதித்தது 2014 ஐப்பசியில். எங்கள் ஹொட்டேலில் இரவு வரவேற்பு மேசையில் இருந்த ஒரு வயது போன பிரெஞ்சுக்காரர், வேலை முடிந்த காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் செருப்பைக் கழற்றினேன். எங்களுக்கு வேறு எப்படி மரியாதை செய்யத் தெரியும்?

அவருடைய துணைவர் 1993 இல் எயிட்ஸ் வந்து இறந்தார். பதினொரு வருசம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். வீட்டு ஒப்பந்தம் இறந்தவருடைய பெயரில் இருந்தது. அந்தக் காலத்தில் அவரைக் குடும்பமாகச் சட்டம் கணக்கெடுக்கவில்லை. செத்தவீடு முடிந்து சில கிழமையில், இரண்டு பெட்டியோடு வெளியே வந்தாராம். இப்படிப் பல பேருக்கு நடந்தபடியால்தான் சேர்ந்து வாழுகிற இரண்டு பேர் பதிகிற பாக்ஸ் என்கிற ஒப்பந்தச் சட்டம் 1999 இல் வந்தது. 2013 வைகாசியில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் முடிக்கிற கலியாணச் சட்டமும் வந்தது. அந்தக் கலியாணச் சட்டத்துக்கு எதிராக எத்தனை பெரிய ஊர்வலங்கள் பாரிஸில் போனதென்று நான் கண்ணால் கண்டேன் தம்பி. அங்கேயும் எல்லாரும் கை தட்டி வரவேற்கவில்லை.

கல்லடியில் இருந்து ஆற்றுப் பக்கமாக நடந்தால் நகர மண்டபத்துக்கு முன்னால் பெரிய வெளி வரும். முன்னைய பெயர் பிளாஸ் து கிறேவ். வேலை தேடுகிறவர்கள் அங்கேதான் கூடுவார்கள், அதனால்தான் வேலைநிறுத்தத்துக்குப் பிரெஞ்சில் கிறேவ் என்று பெயர் வந்தது. பாரிஸில் மெற்றோ ஓடாத நாளில் எங்கட ஆக்கள் வாயில் வருகிற அதே கிறேவ். லெனுவாரையும் டியோவையும் எரித்தது இந்த வெளியில். அதைத் தாண்டிக் கொஞ்சம் போனால் ரூ தே ஆர்ஷிவ். கால் வைக்கிற இடத்திலேயே பாதசாரிக் கடவையில் வானவில் நிறங்கள் பூசியிருக்கும். 2018 இல் பூசினார்கள். யாரோ இரவில் வந்து அசிங்கப்படுத்த, இனி இது நிரந்தரமாகவே இருக்கும் என்று நகர முதல்வர் சொல்லிவிட்டா. அதைக் கடந்தால் மரே. லாசப்பலில் இருந்து ஆறுதலாக நடந்தால் முக்கால் மணி நேரம். இடையில் நின்று பார்த்தால் ஒன்றரை மணி.

நீர் எழுதியிருந்தீர், எங்கட சனம் ஒரு பக்கம், அந்த இடம் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவில் மாட்டுப்பட்டுவிடுவேன் என்று. இரண்டும் ஒரே நடையில் வருகிற இடங்கள். கோயிலில் பூசின திருநீற்றோடேயே மரேக்குள் போகலாம். ஆரும் உம்மை ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள்.

ஆரும் கண்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர். இதற்கு என்னிடம் ஒரு கதைதான் இருக்கிறது. சொல்லுவதற்கு எனக்கு லேசாக இல்லை.

2003 கோடை. காலை எட்டு மணி இருக்கும். ஊத்தைத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வானில் ஏற்ற வெளியே வந்தேன். எதிர்க் கடையின் றோட்டு மேசையில் எங்கட ஊர்ப் பொடியன் ஒருவன். அவன்ட தாயும் நானும் ஒரே குளத்தில் குளித்து வளர்ந்தவர்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பொடியன். இவன்ட கைக்கு மேலே அவன்ட கை. என்னைக் கண்டான். கையை இழுத்த இழுவையில் கோப்பை சரிந்து, கோப்பி மேசை முழுக்க ஓடி, அவன்ட வெள்ளைச் சேட்டு நுனி வரை வந்தது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டே, கையால் அந்தக் கோப்பியைத் தள்ளித் தள்ளித் துடைத்துக்கொண்டிருந்தான். கடுதாசி பக்கத்தில் இருந்தது, எடுக்கத் தெரியவில்லை. நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு வானுக்குள் மூட்டையைப் போட்டேன். காணாத மாதிரி நடந்தால் அவனுக்கு ஆறுதல் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அதன் பிறகு அவன் லாசப்பலுக்கு வரவில்லை. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, ஆனால் நான் சொல்லவில்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? வேறு நகரத்துக்குப் போய்விட்டான். ஆறு வருசம் கழித்து, 2009 இல், தாயும் தகப்பனும் இல்லை என்று செய்தி வந்த பிறகு கண்டேன். கட்டிப்பிடித்து அழுதான். பிறகு கேட்டான், “அண்டைக்கு ஏன் அன்ரி முகத்தைத் திருப்பினீங்கள்? ‘என்னடா, சாப்பிட்டியோ?’ எண்டு கேட்டிருந்தால் நான் ஊரோட கதைச்சுக்கொண்டு இருந்திருப்பன். அம்மாவோடயும் கதைச்சிருப்பன்.” தாய் வன்னிக்குள்ளே இருந்த அந்த ஆறு வருசமும் அவன் மாதம் காசு மட்டும் அனுப்பியிருக்கிறான். தாய் அறிந்துவிட்டா என்று நினைத்துப் போன் எடுக்கவில்லை. தாய்க்கு ஒன்றும் தெரியாது. நான் திருப்பின முகம் அது.

அதனால் தம்பி, மரேயில் எங்கட ஆள் ஒருவரைக் கண்டால் நீர் முதலில் கதையும். “வணக்கம் அண்ணை, எந்த ஊர்?” என்று கேளும். அந்த நேரம் அந்த இடத்தில் நிற்கிற தமிழர் ஒன்றில் அங்கே வேலை செய்கிறவர், அல்லது பாரிஸ் சுற்றிப் பார்க்க வந்தவர், அல்லது உம்மைப் போல ஒருவர். மூன்று பேருக்கும் வணக்கம் சொல்லலாம். மரே என்பது எல்லாரும் வந்துபோகிற இடம், நூதனசாலை இருக்கிறது, ரூ தே ரோசியேயில் யூதக் கடைகளில் கடலை வடை மாதிரி ஒரு பலகாரத்தை ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். (வெள்ளி பின்னேரத்தில் இருந்து சனி பொழுதுபடும் வரை அதில் பல கடைகள் பூட்டு, ஓய்வு நாள். வெள்ளி மத்தியானமே சாப்பிட்டுவிடும்.) அங்கே நின்றதால் மட்டும் ஒருவரும் ஒன்றும் முடிவுகட்ட முடியாது. இந்தப் பக்கத்தை லாசப்பலில் வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கிறேன்: வைகாசியில் அந்தப் பக்கம் ஒரு ஊர்ப் பொடியனைக் கண்டால் சாப்பிட்டியோ என்று கேளுங்கள். வேறொன்றும் கேட்க வேண்டாம்.

தனியே போகிறபடியால் ஓர் இடம் சொல்லுகிறேன். ரூ போபூர் 63ஆம் இலக்கத்தில் உம்மைப் போன்றவர்களுக்கான பாரிஸ் எல்.ஜி.பி.ரி. நிலையம். நூலகம் இருக்கிறது, தொண்டர்கள் இருப்பார்கள், ஆங்கிலத்தில் கதைக்கலாம். பக்கத்தில் குழாய் குழாயாக இருக்கிற பொம்பிடு கலைக்கூடக் கட்டிடம் திருத்த வேலைக்காக 2030 வரை பூட்டு, அதற்கு அலைய வேண்டாம். இரவில் பார்கள் இரண்டு மணிக்குப் பூட்டுவார்கள். வெள்ளி, சனி இரவுகளில் மெற்றோ ஏறக்குறைய இரண்டே கால் வரை ஓடும், மற்ற நாளில் ஒன்றே கால். போனையும் பாஸ்போட்டையும் பின்பக்கப் பொக்கற்றில் வைக்க வேண்டாம், மெற்றோவில் கள்ளர் கை பஞ்சு மாதிரி. ஆபத்தென்றால் 112.

பதினாறு வருசம் ஹொட்டேல் அறை துப்பரவாக்கியவள் என்றபடியால் இதையும் வெட்கமில்லாமல் சொல்லுகிறேன், உம்முடைய தாய் சொல்ல முடியாததை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருவரோடு போனால் ஆணுறை இல்லாமல் வேண்டாம். பச்சைச் சிலுவை விளக்கு எரிகிற மருந்துக் கடை எதிலும் வாங்கலாம். தவறி ஏதும் நடந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கும் போம், எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க ஒரு மாதம் போடுகிற குளிசை இருக்கிறது. நேரம் போகப் போக அதன் பலன் குறையும், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். ஊரிலும் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது, பரிசோதனைக்குக் காசில்லை.

படம் எடும், நிறைய எடும். ஆனால் வட்சப் ஸ்ரேற்றஸில் போட வேண்டாம். திரும்பி வருகிறது இந்த நாட்டுக்கு. 1883 இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த தண்டனைச் சட்டக் கோவையில், ஆணும் ஆணும் கூடுவதைக் குற்றமாக்குகிற 365, 365அ பிரிவுகள் இன்றைக்கும் கிடக்கின்றன. 1995 இல் திருத்தினார்கள், குறைக்கவில்லை, பெண்களையும் அதற்குள் சேர்த்தார்கள். 2023 வைகாசியில், இதை நீக்குகிற தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சொல்லியும் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. எழுதினவன்ட நாட்டிலேயே அந்தச் சட்டம் எப்போதோ போய்விட்டது, எங்களிடம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. எனக்கு இதை நினைக்க வயிறு எரியும்.

கேள்வி: (அதே வாசகர், நாலாம் பக்கத்தில்) அன்ரி, இதை எழுதவோ விடவோ என்று யோசித்தேன். அந்தக் கிழமை முள்ளிவாய்க்கால் கிழமை. அப்பாவும் தங்கச்சியும் அங்கேதான். எனக்கு அப்போது 12 வயது. ஒவ்வொரு வருசமும் 18ஆம் திகதி போய் விளக்கு வைப்பேன். இந்த முறை விமானத்தில் இருப்பேன். அந்த நாட்களில் நான் பாரிஸில் சந்தோசமாகத் திரிவது பாவமோ?

பதில்: என்ட பிள்ளை.

எனக்கும் ஒரு அக்கா அங்கேதான். 2009 சித்திரையும் வைகாசியும் நாங்கள் பாரிஸ் றோட்டில் நின்றோம், கத்தினோம், வேலைக்குப் போனோம், திரும்பி வந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மே 20 வரை போன் வருமென்று இருந்தேன். அந்த மாதம் முழுக்க ஹொட்டேலில் ஒரு நாளைக்குப் பதினான்கு அறை செய்தேன், ஒன்றும் நினைவில்லை. அந்த இரவு மேசைக்காரர் மட்டும் ஒவ்வொரு காலையும் ஒரு கோப்பை தேத்தண்ணி போட்டு, மாடிப்படியில் வைத்துவிட்டுப் போவார். கதைக்க மாட்டார். சாவீட்டில் கதைக்கக் கூடாதென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பாவமில்லை. உம்முடைய தங்கச்சி இருந்திருந்தால் இந்தப் பயணத்தைப் பற்றி அவளிடம்தான் முதல் சொல்லியிருப்பீர் என்று உம்முடைய கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, அதை நான் அச்சில் போடவில்லை. அதையே நினைத்துப் பாரும்.

செய்யக்கூடியது சொல்லுகிறேன். என் மகள் பாரிஸில் அந்தக் கிழமை வீட்டில் கஞ்சி காய்ச்சுவாள். அரிசி, தண்ணி, உப்பு, வேறொன்றும் போட மாட்டாள். ஆசிரியரிடம் அவளுடைய இலக்கம் கொடுத்திருக்கிறேன், வாங்கும். 17 ஞாயிறு காலை போய் ஒரு சிரட்டை குடித்துவிட்டுச் சித்தி வீட்டுக்குப் போம். அவளுக்கு உம்மைப் பற்றி நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டுமென்றால் நீரே சொல்லும்.

இன்னொன்று. கார் து லியோனில் இருந்து மெற்றோ ஒன்றாம் இலக்கத்தில் அடுத்த நிறுத்தம் பஸ்தீல். அங்கே படகுத்துறைத் தோட்டத்தில் 2025 மே 17 அன்று ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். நாசிகள் வதைமுகாம்களுக்கு அனுப்பிய தன்பாலீர்ப்பாளர்களுக்கும், காலங்காலமாக இதற்காகத் துன்புறுத்தப்பட்ட எல்லாருக்கும். பெரிய உலோக நட்சத்திரம் ஒன்று நிலத்தில் விழுந்து கிடக்கிறது. மகள் படம் அனுப்பினாள், நான் இன்னும் நேரே பார்க்கவில்லை. 1990 மே 17 அன்றுதான் உலக சுகாதார அமைப்பு தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்தது, அதனால் அந்த நாளில் அங்கே பூ வைக்க ஆக்கள் வருவார்கள். நீரும் ஒரு பூ வைக்கலாம். 18ஆம் திகதி விளக்கை நான் வைக்கிறேன். நான் இருக்கிறது மங்குளம், முல்லைத்தீவு பஸ் ஏறினால் காலையில் போய்விடலாம். அப்பாவின் பெயரும் தங்கச்சியின் பெயரும் கடிதத்தில் இருந்து எழுதி வைத்துக்கொண்டுதான் அடுப்பில் வைத்தேன்.

கேள்வி: என் மகன் கலியாணம் வேண்டாம் என்கிறான். தனக்குப் பெண்களில் விருப்பமில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னான். யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் காட்டினால் மாறுமா?
— ஒரு தாய், முள்ளியவளை

பதில்: தங்கச்சி, மாறாது. மாற்றுவதற்கு அது நோயில்லை, மேலே எழுதியதைப் பாருங்கள். மாற்றித் தருகிறேன் என்று காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், டொக்டரும் இருக்கலாம், பூசாரியும் இருக்கலாம். அங்கே கொண்டுபோனால் பிள்ளை உங்களிடம் கதைக்கிறதை நிற்பாட்டுவான். உங்களிடம் மட்டும் சொன்னான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நல்லாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து கட்டிவைத்து அவளின் வாழ்க்கையையும் கெடுத்துவிடாதீர்கள். அவளும் ஒரு தாய் பெற்றவள். வற்றாப்பளை அம்மனிடம் நேர்த்தி வைத்திருக்கிறேன் என்றீர்கள். நேர்த்தியை முடியுங்கள், அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் நல்லாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: குடும்பமாக வாசிக்கிற சஞ்சிகையில் இப்படியான விசயங்களுக்கு இடம் கொடுக்கிறீர்களே, சரியா?
— வவுனியா வாசகர் (சென்ற இதழில் இதைத் தொட்டு நான் எழுதிய நாலு வரிக்கு வந்த கடிதம்)

பதில்: சரி ஐயா. எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாரும் குடும்பங்களில் இருந்துதான் எழுதுகிறார்கள்.

கேள்வி: (கிளிநொச்சித் தம்பி, கடித ஓரத்தில் சின்ன எழுத்தில்) அன்ரி, எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. அந்தக் கோப்பியை எப்படிக் கேட்கிறது?

பதில்: கடைக்குள் கால் வைத்ததும் “போன்ஜூர்” என்று சொல்லும். அதைச் சொல்லாமல் கேட்டால் அவர்களுக்கு மூஞ்சை சுருங்கும், நிறத்தைப் பார்த்துத்தான் என்று நாங்கள் நினைத்துவிடுவோம். எல்லா நேரமும் அப்படி இல்லை. பிறகு “அங் கஃபே, சில் வு ப்ளே.” அப்படிக் கேட்டால் சின்னஞ்சிறு கோப்பையில் கடும் கோப்பி, இரண்டு மிடறுதான் வரும். எங்கட வாய்க்குப் பால் வேண்டும், அதற்கு “அங் கஃபே கிரெம்” என்று கேளும். உள்ளே நின்றுகொண்டு குடித்தால் விலை குறைய, வெளியே மேசையில் இருந்தால் கூட. நீர் வெளியே இரும். ரூ தே ஆர்ஷிவ்வில் காலை ஒன்பது மணிக்கு ஒரு பக்கம் வெயில் விழும், அந்தப் பக்கக் கதிரையில் றோட்டைப் பார்த்து இரும். ஒரு கோப்பிக்கு எத்தனை மணி நேரமும் இருக்கலாம், எழும்பச் சொல்ல மாட்டார்கள். காசைச் சின்னத் தட்டில் வைத்துவிட்டு வரலாம், சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கிறது. எழும்பும்போது “மெர்சி, ஓ ருவா” என்று சொல்லும்.